கவசம் வண்டிக்கா, ஆளுக்கா?

ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கிய பலரும் முதல் சர்வீஸுக்குள்ளாகவே யோசிக்கத் தொடங்கும் விஷயம், ஃப்ரேம் ஸ்லைடர் மாட்டுவதா வேண்டாமா என்பது. இன்ஜினின் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும், கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் உருளை அது. மாட்டினால் உயிருக்குப் பாதுகாப்பு என்பார்கள் ஒரு சாரார். மாட்டினால்தான் ஆபத்து, வண்டி குட்டிக்கரணம் போடும் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சுமே ஓட்டுபவரின் உடம்பை நடுவில் வைத்து நடக்கின்றன. ஆனால் மோட்டார் சைக்கிளுக்குக் காப்பு மாட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது, எந்தத் தேவைக்காக வந்தது என்று தேடிப்போனால், ஸ்லைடர் ஆளைக் காப்பாற்றப் பிறந்த பொருளே அல்ல என்பது தெரிகிறது. அது வண்டியைக் காப்பாற்றப் பிறந்தது. அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை வண்டியை, ஒரு குறிப்பிட்ட வகை விழுகையிலிருந்து. அந்த அளவுக்குள் வைத்து எடைபோட்டால் மட்டுமே மாட்டலாமா என்ற கேள்விக்கு உருப்படியான விடை கிடைக்கும்.

ஸ்லைடருக்கு முன்னோடி வளைத்த இரும்புக் குழாய். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஹார்லி டேவிட்சன் ராணுவ வண்டிகளில் முன்பக்கக் காப்புக் கம்பி இருந்தது. அமெரிக்கப் போலீஸ் வண்டிகளிலும் அதுவே வழக்கமாயிற்று. கனமான வண்டி, கரடுமுரடான பாதை, பழக வந்த இளைஞர்கள் என்று மூன்றும் சேரும் இடத்தில் வண்டி நாளைக்கு நான்கு முறை சாயத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் பெடலும் லீவரும் உடைந்தால் படை நகராது. பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் இன்ஜினில் சிலிண்டர்கள் இரண்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால், சாய்ந்தால் முதலில் தரையில் மோதுவது அவற்றின் மூடிதான். அதற்கும் கம்பி வந்தது. திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட்டிலும் அதே கம்பி ஏறியது. நம் ஊரில் அதை லெக் கார்டு என்றே அழைத்தோம். காலைக் காப்பாற்றும் என்று வாங்கியவரும் நம்பினார், விற்றவரும் நம்பினார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. சேலை கார்டுக்கு இப்படிச் சட்டத்தின் துணை கிடைத்தது. லெக் கார்டைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை.

கம்பி உண்மையிலேயே காலைக் காத்ததா? இதை ஆற அமர ஆராய்ந்தவர் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட். அவருடைய குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. மேலும் 3,600 போலீஸ் அறிக்கைகளைப் படித்தது. 1981இல் வெளியான அறிக்கை கம்பிகளைப் பற்றிச் சொன்னது, நம்பியிருந்தவர்களுக்குக் கசப்பான செய்தி. கம்பி இருந்த வண்டிகளில் பாதத்திலும் கணுக்காலிலும் காயம் குறைந்திருந்தது. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் ஆகியவற்றில் காயம் கூடியிருந்தது. ஒரு பக்கம் கிடைத்தது மறுபக்கம் போயிற்று. மொத்தத்தில் காயத் தடுப்பாகக் கம்பியால் பயனில்லை. இதற்கான காரணமும் அதே அறிக்கையின் மற்ற பக்கங்களில் கிடைக்கிறது. ஆராய்ந்த விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று, வேறொரு வண்டியோடு, பெரும்பாலும் காரோடு மோதியவை. மோதும் கணத்தின் இடைநிலை வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். ஒரு டன்னுக்கு மேற்பட்ட கார் அந்த வேகத்தில் குறுக்கே வரும்போது அங்குலக் குழாய் எந்தப் பக்கம் வளையும், அதற்குப் பின்னால் கால் எங்கே போகும் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது.

கம்பி பலவீனம் என்றால் வலுவாகச் செய்யலாமே என்று பிரிட்டனில் கேட்டார்கள். 1980களில் அந்நாட்டு அரசின் போக்குவரத்து, சாலை ஆராய்ச்சிக்கூடம், மோதலை உள்வாங்கிக்கொள்ளும் கால்காப்புகளை வடிவமைத்துச் சோதித்தது. அவற்றைக் கட்டாயமாக்கும் பேச்சும் எழுந்தது. வண்டி தயாரிப்பாளர்கள் தங்கள் சோதனைகளைக் காட்டி மறுத்தார்கள். கால் தப்பும், ஆனால் உடல் வேறு கோணத்தில் தூக்கி எறியப்பட்டுத் தலையும் மார்பும் அடிபடும் என்பது அவர்கள் வாதம். தயாரிப்பாளருக்குச் சொந்த நலன் இருந்தது உண்மைதான். அதற்காக அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஹர்ட் கண்ட இடமாற்றத்தையே அவர்களும் வேறு உறுப்புகளில் கண்டார்கள். கால்காப்பு சட்டமாகவே இல்லை. வண்டியோடு பொருத்தும் இரும்பால் ஆளைக் காக்க நினைத்த பெரிய முயற்சி அங்கே நின்றுபோனது.

இதே ஆண்டுகளில் வண்டியின் உருவம் மாறியது. காற்றைக் கிழித்துப் போக உடலை முழுக்க மூடும் ஃபேரிங், பந்தயக் களத்துக்குப் பழையது. முன்சக்கரத்தையும் மறைத்த வடிவத்தைப் பக்கக்காற்றில் தடுமாறுகிறது என்று 1957 பருவத்தோடு பந்தயச் சம்மேளனம் தடை செய்தது. சாலை வண்டிக்கு அது வர நாளாயிற்று. 1976இல் பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ் தொழிற்சாலையிலேயே முழு ஃபேரிங்கோடு வந்தது. 1985இல் சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750, அலுமினிய ஃப்ரேமும் 180 கிலோவுக்குக் குறைவான உலர் எடையுமாகப் பந்தய வண்டியையே பதிவெண் போட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்த ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் பெரும்பாலானவை அந்த வழியில் பிறந்தவை.

இங்கேதான் ஸ்லைடரின் தேவை உருவாகிறது. புல்லட் நின்ற இடத்தில் சாய்ந்தால் ஹேண்டில் நுனியும் ஃபுட்ரெஸ்டும் தரையைத் தொடும், லீவர் வளையும், தெருமுனை மெக்கானிக் நிமிர்த்திக் கொடுப்பார். ஃபேரிங் போட்ட வண்டி பெட்ரோல் பங்கில் சைடு ஸ்டாண்டு நழுவிச் சாய்ந்தாலும் கதை வேறு. முதலில் கண்ணாடி மோதும். கண்ணாடி நிற்பது ஃபேரிங்கைத் தாங்கும் கம்பியில் என்பதால் அது கோணிக்கொள்ளும். பேனலை உள்ளிருந்து பிடிக்கும் சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக் காதுகள் உடையும். இன்ஜின் பக்க மூடி உரசும். காது ஒன்று உடைந்தாலும், பெயின்ட்டும் ஸ்டிக்கரும் சேர்த்து முழுப் பேனலாகத்தான் மாற்றச் சொல்வார்கள். வண்டி நன்றாக ஓடும், ஆனால் பழுதுச் செலவு கண்ணைக் கட்டும். பெரிய கம்பி வைக்கவும் வழியில்லை. வளைவில் சாயும்போது தரையில் இடிக்கும், ஃபேரிங்குக்குள் இடமும் கிடையாது. அதனால் இன்ஜினை ஃப்ரேமோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றி, நீளமான போல்ட் போட்டு, அதன் நுனியில் நைலான் அல்லது அசெட்டால் உருளையை வைத்தார்கள். அதன் மீது வண்டி சாயும், வழுக்கும், உருளை தேயும். குடையின் கம்பி நுனியில் இருக்கும் குமிழைப் போல, அடியை வாங்கிக்கொண்டு தான் அழிவதுதான் அதன் வேலை.

எதிர்த்தரப்பின் கனமான வாதமும் இந்த போல்ட்டில்தான் இருக்கிறது. அது இன்ஜினைத் தாங்கும் போல்ட். துருத்தி நிற்கும் உருளையில் அடி விழுந்தால் விசை நெம்புகோல் போல ஃப்ரேமின் காதுக்கும் இன்ஜின் உறைக்கும் போகிறது. பேனல் தப்பி ஃப்ரேம் விரிந்தால், சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் வண்டியையே இழந்த கணக்கு. ஃபேரிங்கை வெட்ட மனமில்லாதவர்களுக்காக வரும், பக்கவாட்டில் விலகி நிற்கும் பிராக்கெட் வகையில் இந்த அபாயம் கூடுதல். இந்த வாதம் சரிதான். ஆனால் அது நீளமான உருளைக்கும் தள்ளி நிற்கும் பிராக்கெட்டுக்கும் எதிரானது. காப்பு என்ற எண்ணத்துக்கே எதிரானதல்ல. பேனலைத் தாண்டி மிகக் கொஞ்சம் மட்டும் வெளியே நின்று, அடிக்கு முன்னே தேயவும் வளையவும் கூடிய உருளை, நின்ற நிலையிலும் நடைவேகத்திலும் விழும் வண்டியை அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லாமல் காக்கும். வேகமாக வழுக்கும் வண்டி சாலையோரக் கல்லிலோ சரளையிலோ உருளை மாட்டிப் புரளும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் அந்த வேகத்தில் ஃபுட்ரெஸ்டும் ஹேண்டில் நுனியும் இதே வேலையைச் செய்யும். அப்போது ஓட்டுபவர் வண்டியை விட்டுப் பிரிந்திருப்பார். அவருக்கு உதவுவது ஹெல்மெட்டும் தோல் ஆடையும் கையுறையும்தான்.

பந்தயக் களம் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். உலக சூப்பர்பைக் விதிகள், எண்ணெய் இருக்கும் பக்க மூடிகள் விழுகையில் தரையைத் தொடக்கூடியவையானால் மேலே இரண்டாவது மூடி வேண்டும் என்கின்றன. ஃபேரிங்கின் அடித்தொட்டி, எண்ணெயும் குளிர்நீருமாக மொத்தக் கொள்ளளவில் பாதியையாவது தேக்க வேண்டும். 5 லிட்டருக்குக் குறையக் கூடாது. லீவர் நுனி குண்டாக இருக்க வேண்டும். இவை விழுந்தவருக்காக எழுதப்பட்டவை அல்ல. பின்னால் 200 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரின் டயருக்கு அடியில் எண்ணெய் வராமலிருக்கவும், லீவர் யாரையும் குத்தாமலிருக்கவும் எழுதப்பட்டவை. அந்த விதிகளில் எனக்கு மதிப்பு அதிகம்.

நம் நாட்டில் யமஹா ஆர்15 2008இலும், ஓசூரிலிருந்து டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 2017 டிசம்பரிலும் வந்தபின், ஃபேரிங் வண்டி கல்லூரி வாசலுக்கும் சந்தைத் தெருவுக்கும் வந்துவிட்டது. இங்கே அது சாய்வது பெரும்பாலும் மணல் பரவிய திருப்பத்தில், நெருக்கடியான பார்க்கிங்கில், யு-டர்ன் எடுக்கையில் கால் எட்டாத சரிவில். இவற்றுக்கு, வெட்டுத் தேவைப்பட்டாலும் நேராகவே ஃப்ரேமில் ஏறும் குட்டை ஸ்லைடரும், பந்தய வண்டிகளில் உள்ளது போன்ற இன்ஜின் பக்க மூடியும் மாட்டுவதே சரி என்பது என் கருத்து. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் மூடிக்கே முதலிடம்: ஓட்டை விழுந்த உறையோடு வண்டி வீட்டுக்குக்கூடப் போகாது, கீறல் விழுந்த பேனலோடு எங்கும் போகலாம். ஒருமுறை விழுந்தபின் ஸ்லைடர் போல்ட்டைக் கழற்றி நேராக இருக்கிறதா என்று பார்த்து, வளைந்திருந்தால் மாற்றி, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கே முடுக்க வேண்டும். கையுறையும் பூட்ஸும் இன்னும் வாங்காதவர், ஸ்லைடருக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அவற்றில் போடட்டும்.