சிப்பி வளர்ப்பு (இந்தியா)

சிப்பி வளர்ப்பு என்பது, கடலோர உவர்நீரில் வாழும் உண்ணத்தக்க சிப்பிகளை இளம் பருவத்தில் சேகரித்தோ, பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தோ, ஏற்ற நீர்ப்பரப்பில் வளர்த்து அறுவடை செய்யும் தொழிலாகும். இந்தியாவில் இதற்குப் பெரிதும் பயன்படும் இனம் கிராசோஸ்டிரியா மெட்ராசென்சிஸ் ஆகும். கழிமுகங்களிலும் காயல்களிலும் வாழும் இச்சிப்பியின் இளவுயிரி, இரண்டு மூன்று வாரங்கள் நீரில் நீந்தித் திரிந்தபின் கடினமான ஒரு பரப்பில் தன் ஓட்டை ஒட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகிறது. வளர்ப்பு முறைகள் அனைத்தும் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டவை. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

வரலாறு

பழைய உரோமிலேயே சிப்பி வளர்க்கப்பட்டதெனினும், பிரான்சில் இயற்கைப் படுகைகள் அளவுமீறி அள்ளப்பட்டுக் குன்றிய 19ஆம் நூற்றாண்டில், ஆர்க்கஷோன் விரிகுடாவில் சுண்ணாம்பு பூசிய ஓடுகளில் இளஞ்சிப்பிகளைச் சேகரிக்கும் முறை பரவியபோதுதான் அது பெருந்தொழிலாயிற்று. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், அம்முறை இந்தியாவுக்குத் தரும் பாடங்களை 1910இல் எழுதியதோடு, பழவேற்காடு ஏரியில் சிப்பி வளர்க்கவும் முயன்றார். ஆயினும் அம்முயற்சி மக்களின் தொழிலாகப் பரவவில்லை.

1970களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் சிப்பி வளர்ப்பு ஆய்வை மீண்டும் தொடங்கியது. 1973இல் அந்நிறுவன அறிவியலாளர் கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டிய அதே கடற்கரையில், உண்ணும் சிப்பிகளைச் சட்டங்களின்மேல் தட்டுகளில் வைத்து வளர்க்கும் முறை செம்மைப்படுத்தப்பட்டது. 1980களில் பொரிப்பகத்திலேயே சிப்பி விதையை (இளஞ்சிப்பிகளை) உண்டாக்கும் நுட்பமும் கைகூடியது. எனினும் இத்தொழில் வேரூன்றியது கேரளத்தில்தான். 1990களில் அஷ்டமுடிக் காயலில் நடத்தப்பட்ட செயல்விளக்கங்களுக்குப் பின், எர்ணாகுளம் மாவட்டத்தின் மூத்தகுன்னம், சத்தார் தீவு முதலிய இடங்களில் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் இதனை மேற்கொண்டன.

வளர்ப்பு முறை

கேரளத்தில் பரவிய முறை செலவு குறைந்தது. வெற்றுச் சிப்பி ஓடுகளில் துளையிட்டு, இடைவெளி விட்டு நைலான் கயிற்றில் கோத்த சரம் 'ரென்' எனப்படுகிறது. ஆழம் குறைந்த நீரில் மூங்கில் அல்லது மரக் கம்புகளை நட்டுக் கட்டிய பந்தலில் இச்சரங்கள் தொங்கவிடப்படுகின்றன. நீரிலுள்ள இளவுயிரிகள் தாமே அவ்வோடுகளில் ஒட்டிக்கொள்வதால் விதை வாங்க வேண்டியதில்லை. நுண்பாசிகளை வடிகட்டி உண்டு வளர்வதால் தீனியும் இட வேண்டியதில்லை. பல மாதங்களுக்குப் பின், சினைவிடுவதற்குச் சற்று முன்பு சதைப்பற்று மிகுந்திருக்கும் பருவத்தில் அறுவடை நடைபெறுகிறது. அப்பருவம் காயலுக்குக் காயல் வேறுபடும். மழைக்காலத்தில் வெள்ளநீர் பெருகி உவர்ப்பு மிகவும் குறையுமானால் சிப்பிகள் மடிவதுண்டு.

தூய்மையும் எதிர்காலமும்

நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி, அந்நீரிலுள்ள நோய்க்கிருமிகளையும் மாசுகளையும் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். ஆதலால் அறுவடையான சிப்பிகள் தூய்மையாக்கப்பட்ட கடல்நீர்த் தொட்டிகளில் வைத்துக் கிருமி நீக்கப்பட்டபின், ஆவியில் வேகவைத்துச் சதை பிரிக்கப்படுகிறது. எஞ்சும் ஓடு சுண்ணாம்புக்கும் அடுத்த பருவச் சரத்துக்கும் பயன்படுகிறது. ஆனால் கன உலோகங்கள் போன்ற மாசுகள் இவ்வகைத் தூய்மிப்பால் எளிதில் நீங்குவதில்லை. பழவேற்காட்டில் தொடங்கித் தூத்துக்குடியில் செம்மையுற்ற அறிவு, காயலோரப் பெண்களின் உழைப்பால் வாழ்வாதாரமாகியுள்ளது. தீனியோ உரமோ வேண்டாத இத்தொழிலுக்கு முதன்மையாக வேண்டியது தூய நீர் என்பதால், கழிவுநீரிலிருந்து கழிமுகங்களைக் காப்பதே அதை வளர்ப்பதற்கான முதற்பணியாகும்.