வயர் மேல ஸ்டேப்ளர் பின் அடிக்கலாமா? மழைக்கு முன்னாடி ஒருமுறை பாருங்க!

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே நெல்லைக்காரர்களுக்கு 2023 டிசம்பர் ஞாபகம் வந்துவிடும். அந்த மாதம் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை தாண்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்தாலும் சுவருக்குள் இறங்கிய ஈரம் சீக்கிரம் போகாது. அந்த மாதிரி நேரத்தில்தான் வயர் மேல் அடித்த ஒரு சின்ன பின் ஆளைக் காட்டும்.

பின் அடித்தால் என்ன ஆகும்?

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பின் இரண்டு வயரையும் துளைத்தால் 'பட்'டென்று பொறி பறக்கும், எம்.சி.பி. விழும். அதுகூட நல்லதுதான், உடனே தெரிந்துவிடும். பேஸ் வயரை மட்டும் தொட்டால்தான் சிக்கல். லைட் எரியும், ஃபேன் ஓடும், ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்த பின்னில் கரண்ட் இருக்கும். சுவர் நனைந்ததும் ஈரம் வழியாகக் கசிய ஆரம்பிக்கும்.

16 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. அது காத்திருப்பது 16 ஆம்பியரைத் தாண்டும் லோடுக்கு. ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு கசிவே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே சப்ளையை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. கேட்கப்படுவது இதனால்தான்.

துளைக்காமல் இறுக்கிப் பிடித்தாலும் ஆபத்து உண்டு. லோடு ஏறும்போது வயர் சூடாகும், மேலே உள்ள பி.வி.சி. இளகும், பின் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இது தெரிய மாதக்கணக்கு ஆகலாம்.

பழைய வீடுகளில் எப்படி?

ஓட்டு வீடுகளில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் வயர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பேட்டன் வயரிங். தகர கிளிப்பை முதலில் சட்டத்தில் ஆணி வைத்து அடிப்பார்கள். பிறகு வயரை அதன்மேல் வைத்து, கிளிப்பை மடக்கி மாட்டுவார்கள். ஆணி வயருக்கு அடியிலேயே நின்றுவிடும். வயர் போட்ட பிறகு சுத்தியலுக்கு வேலையே இல்லை!

வெளிநாட்டில் அடிக்கிறார்களே?

அமெரிக்காவில் மரச்சட்ட வீடுகள் அதிகம். அங்கே கேபிளுக்கென்றே தனி ஸ்டேபிள் உண்டு. நாலரை அடிக்கு ஒன்று, பெட்டியிலிருந்து 12 அங்குலத்துக்குள் ஒன்று என விதி. தட்டை கேபிளை நிமிர்த்தி வைத்து அடிக்கவும் கூடாது. பேப்பர் ஸ்டேப்ளர் கணக்கிலேயே இல்லை.

பிரிட்டனில் பிரச்சினை வேறு. 2010 ஏப்ரலில் சவுத்தாம்ப்டன் நகரின் ஷெர்லி டவர்ஸ் குடியிருப்பில் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் தாங்கி உருகி, மேலிருந்து தொங்கிய வயர்களில் சிக்கிய தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் உயிரிழந்தனர். தீயில் வயர் சரிந்து விழாதபடி தாங்கி இருக்க வேண்டும் என்ற விதி 2018 முதல் அங்கே எல்லாக் கட்டடங்களுக்கும் வந்தது. ஃபால்ஸ் சீலிங் போட்ட நம்ம ஊர் கடைக்காரர்களும் யோசிக்கலாம். வாசலுக்குப் போகும் வழிக்கு மேலே மட்டுமாவது இரும்பு சேடில் போடுங்க.

சரி, வீட்டில் என்ன செய்வது?

செங்கல் சுவரில் ஸ்டேப்ளர் பின் நிற்கவே நிற்காது. ஆபத்து பிளைவுட், அலமாரி, கதவு நிலை பக்கம்தான். கரண்ட் வயருக்கு பைப் அல்லது கேசிங் போடுங்க. ஆணி வைத்த பிளாஸ்டிக் கிளிப் என்றால் வயர் சைஸுக்குச் சரியாக வாங்குங்க. மாட்டிய பிறகு வயர் லேசாக நகர வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரை எதை வைத்தும் சுவரில் அடிக்காதீங்க. சீரியல் லைட்டுக்கு கேபிள் டை போதும்.

டிவி, இன்டர்நெட் கேபிளில் ஷாக் பயம் குறைவு. ஆனால் நசுங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஃபைபர் என்றால் நெட்டே போய்விடும்.

ஏற்கெனவே பின் அடித்த கரண்ட் வயரா? மெயினை ஆஃப் செய்யாமல் பிடுங்காதீங்க. துளைத்த இடத்தில் டேப் சுற்றினால் சரியாகிவிடாது, அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். வெள்ளம் புகுந்த வீடு என்றால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. மீட்டருக்கு வெளியே, கம்பத்து வயரில் கோளாறு என்றால் தொடாதீங்க. மின்னகம் எண் 94987 94987.