காத்துக்கு விலை வந்த கதை

நாகர்கோவில் ரயில்ல போறவங்க வள்ளியூர் தாண்டினதும் ஜன்னலோரம் வந்து உக்காந்துருவாங்க. பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரைக்கும் எங்க பாத்தாலும் காத்தாடிதான். "இந்தப் பக்கம் நல்லா முன்னேறிட்டு போல"ன்னு அவங்க பேசுறது காதுல விழும். இந்தக் காத்தாடி எல்லாம் எப்படி வந்துச்சு, இங்க உள்ளவங்களுக்கு என்ன வேலை கொடுத்துச்சுங்கிறத எனக்குத் தெரிஞ்ச மட்டும் எழுதுறேன்.

மொதல்ல காத்து. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப் போற இடத்துல ஆரல்வாய்மொழிக் கணவாய்னு ஒரு இடைவெளி இருக்கு. கேரளாவுல மழையைக் கொட்டுற தென்மேற்குப் பருவக்காத்து, அந்த இடைவெளி வழியா எங்க பக்கம் வெறும் காத்தா வந்து அடிக்கும். வைகாசியில தொடங்கினா புரட்டாசி வரை ஓயாது. மழை அங்க, காத்து இங்க. காத்தாடி வந்ததுனாலதான் மழை போச்சுன்னு இப்போ சிலபேர் சொல்லுதாங்க. காத்தாடிக்கு முன்னாடியும் இது மழை மறைவுப் பகுதிதான். எங்களுக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான்.

அந்தக் காலத்துல காத்துன்னா நஷ்டம். ஆனி, ஆடியில ஒரு ராத்திரி அடிச்சா போதும், குலை தள்ளின ஏத்தன் வாழை வரிசையாச் சாஞ்சு கிடக்கும். கம்பு ஊனி, கயிறு கட்டிக் காப்பாத்துறதுக்கே ஒரு செலவு. புஞ்சையில மண் பறக்கும். அந்த மண்ணுலயும் காத்துலயும் நின்னு தாக்குப்பிடிச்ச மரம் பனை ஒண்ணுதான்.

அதனால இந்தப் பக்கத்து ஏழை சனத்துக்குப் பழைய பிழைப்பு பனைதான். ஆம்பள காலைல ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை மரம் ஏறணும். பொம்பள பதனியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்தணும். பிள்ளைக விறகு பொறுக்கணும். ஓலை, நார், மட்டை எல்லாத்துலயும் ஏதோ ஒரு கைவேலை இருந்துச்சு. ஒரு விளையை நம்பி நாலஞ்சு குடும்பம் இருக்கும். ஆனா அது சொர்க்கம்னு நினைச்சிராதீங்க. மரத்துக்காரருக்கு வாரம், கருப்பட்டி வியாபாரிகிட்ட வாங்கின முன்பணம், கைதவறி விழுந்தா அத்தோட குடும்பம் தெருவுல. அதுக்குப் பயந்துதான் 1800கள்லயே சனங்க இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினாங்க. பிறகு பம்பாய், மெட்ராஸ்னு போய் மளிகைக்கடை வச்சாங்க. நீங்க உங்க தெருவுல "அண்ணாச்சி கடை"ன்னு சொல்லுறது அந்த வழியில வந்ததுதான். 1841ல இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயரோட மனைவி எலைசா, அங்க உள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. வெயில்ல நிக்காம பெண்கள் கையில நாலு காசு பாத்த பழைய தொழில் அது.

அரசாங்கம் 1986ல தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல சோதனைக்காகக் காத்தாலை வச்சுது. அதுக்குப் பிறகு முப்பந்தல் பக்கம் வந்துச்சு. ஆரம்பத்து மெஷின் எல்லாம் 55 கிலோவாட் மாதிரி சின்னது. 1990கள்ல 225, 250 கிலோவாட் மெஷின் வந்து நின்னுச்சு. நுட்பம் பெரும்பாலும் டென்மார்க் நாட்டுது.

தனியார் முதலாளிமாரு இவ்வளவு வேகமா வந்ததுக்குக் காத்து மட்டும் காரணம் இல்ல. வருமான வரியும் ஒரு காரணம். கோயம்புத்தூர்ல ஒரு மில்லுக்கு ஒரு வருஷம் ஒரு கோடி லாபம்னு வைங்க. அன்னைக்கு இருந்த விகிதத்துல கிட்டத்தட்ட பாதி வரியாப் போகும். அந்த ஒரு கோடியைக் காத்தாலையில போட்டா, மொத்தத்தையும் மொத வருஷமே தேய்மானம்னு கழிச்சுக்கலாம். செப்டம்பர் கடைசிக்குள்ள ஓட ஆரம்பிச்சா முழுச் சலுகை, மார்ச் 31க்குள்ள ஓடினா பாதி. அதனால அந்த ரெண்டு தேதிக்கு முன்னாடி எங்க ரோட்டுல கிரேனும் டிரெய்லரும் ராத்திரி பகலா ஓடும். 1996 பட்ஜெட்ல குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் வேகம் படுத்துட்டு. பிறகு சலுகை 80 சதவீதமாச்சு. 2012ல எடுத்தாங்க, 2014ல திருப்பிக் கொடுத்தாங்க, 2017லருந்து 40 ஆச்சு. எங்க ஊர்ல லாட்ஜ் நிரம்புறதும் காலியாகுறதும் டெல்லியில போடுற கணக்கைப் பொறுத்துதான் இருந்துச்சு.

நிலம் கைமாறினது இன்னொரு கதை. கருவேலமும் உடையும் நின்ன புஞ்சைக்குத் திடீர்னு ஒரு விலை வந்துச்சு. புரோக்கர் பைக்ல வீடு வீடா வந்தாரு. எங்க பக்கம் பெரும்பாலும் கிரயம்தான், குத்தகை கேட்டவங்க ரொம்பக் குறைவு. வித்த காசுல மகள் கல்யாணம் முடிஞ்சுது, மகன் பம்பாய்ல கடை போட்டான், கடன் அடைஞ்சுது. வித்தவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. மழை பொய்க்கிற மண்ண வச்சு என்ன செய்ய? ஆனா காசு ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு. காத்து இருபத்தஞ்சு முப்பது வருஷமா அடிச்சுக்கிட்டே இருக்கு.

கரண்டு எங்க போச்சுன்னும் பாக்கணும். காத்தாலைக்காரர் இங்க மின்வாரியத்துக்குக் கரண்டைக் கொடுத்துட்டு, கோயம்புத்தூர்லயோ திருப்பூர்லயோ இருக்கிற தன்னோட மில் கணக்குல அந்த யூனிட்டைக் கழிச்சுக்கலாம். அதுக்காக வாரியம் ஒரு பங்கு பிடிச்சுக்கும். இதனால அங்க மில்லுக்குக் கரண்டு செலவு குறைஞ்சுது, மெஷின் கூடுச்சு, ஆள் தேவையும் கூடுச்சு. எங்க ஊர்ப் பையங்க அந்த வேலைக்குத்தான் பஸ் ஏறினாங்க. காத்து முன்னாடி போச்சு, பிள்ளைக பின்னாடி போனாங்க.

இங்க கிடைச்ச வேலை எவ்வளவு? நிறுத்துற வரைக்கும் குழி தோண்ட, கம்பி கட்ட, கான்கிரீட் போட ஆள் வேணும். நிறுத்தி முடிச்சா நாலஞ்சு காத்தாடிக்கு ஒரு வாட்ச்மேன், ஒரு பெரிய கூட்டத்துக்கே சில டெக்னீசியன். பனை கொடுத்த கூலி சின்னது, ஆனா கை நிறைய வேணும். காத்தாடி உண்டாக்குற பணம் பெருசு, அதுக்குக் கை வேண்டாம்.

பக்கத்துல கூடங்குளத்துலயும் இதுல பாதிக் கதை உண்டு. 1988ல ஒப்பந்தம், 2002ல கட்டுமானம் தொடக்கம், 2013ல மொத உலையோட மின்சாரம். கட்டுமானத்துக்கு வடமாநிலத்துலருந்து ஆயிரக்கணக்குல ஆள் வந்தாங்க. வள்ளியூர்ல வாடகை ஏறுச்சு, கடைகளுக்கு ஏவாரம் ஆச்சு.

அப்போ ஒண்ணுமே மிஞ்சலையான்னா, மிஞ்சிச்சு. யாரும் திட்டம் போடாம மிஞ்சினது அது. கிரேன் ஓட்டப் படிச்சவன், டவர் போல்ட் முறுக்கப் படிச்சவன், பிளேடு கிழிசல் ஒட்டப் படிச்சவன்னு ஒரு தலைமுறை உருவாகிட்டு. ஐடிஐ முடிச்ச பையங்க குஜராத், கர்நாடகா வரைக்கும் போய் இதே வேலை பாக்குறாங்க. வெல்டிங் பட்டறை, டிரெய்லர், மெஸ்னு சின்னச் சின்னத் தொழில் நின்னுச்சு. தாத்தா பனை ஏறினாரு, பேரன் இடுப்புல பெல்ட் மாட்டி டவர் ஏறுதான். பேரனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. அது பெரிய மாத்தம்தான், நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

பழைய கதையை இப்போ எடுத்ததுக்குக் காரணம் உண்டு. பழைய சின்ன மெஷினைக் கழட்டிட்டுப் பெருசு நிறுத்த, தமிழ்நாடு அரசு 2024ல ஒரு கொள்கை போட்டிருக்கு. முன்ன நாலஞ்சு மெஷின் எடுத்த கரண்டை இப்போ ஒண்ணே எடுக்கும். பெரிய மெஷினுக்கு இடைவெளி கூட வேணும், அதனால பக்கத்து நிலத்துக்கும் கேள்வி வரும். புரோக்கர் திரும்பவும் வருவாரு. இந்தத் தடவை சென்னைக்கும் பெங்களூருக்கும் போன்லயே வருவாரு. ஏன்னா பத்திரத்துல பேர் இருக்கிற பாதிப்பேரு இப்போ நீங்கதான்.

கேட்டா உடனே கையெழுத்துப் போட்டுராதீங்க. குத்தகைன்னா எத்தனை வருஷம், வருஷத்துக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை கூடும்னு கேளுங்க. காத்தாடிக்கு வேண்டியது அடித்தளமும் பாதையும்தான். மிச்ச நிலத்துல விவசாயம் பாக்கலாம்னு எழுதி வாங்குங்க. பராமரிப்பு வேலைக்கு உள்ளூர் ஐடிஐ பிள்ளைகளை எடுப்பீங்களான்னும் ஒரு வார்த்தை கேளுங்க. மொதத் தடவை இதெல்லாம் கேக்கணும்னு எங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல.