தோட்டத்துள் ஒரு தோட்டம்

மலையகத்திலே 'தோட்டம்' என்ற சொல் தேயிலைப் பெருந்தோட்டத்தையே குறிக்கும். காய்கறி விளையும் சிறு நிலத்தைச் சுட்ட விரும்புவோர் 'மரக்கறித் தோட்டம்' என அடைகொடுத்தே கூறுதல் வேண்டும். இவ்வழக்கினுள் ஒரு வரலாறு அடங்கியுள்ளது.

1886இல் தனி மாகாணமாக வகுக்கப்பட்ட ஊவாவில், பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தொழிலாளர் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் வளர்த்தனர். ஓய்ந்த நேரங்களில் லயத்தின் அருகே போஞ்சியும் கோவாவும் வாழையும் நட்டனர். ஆயின் அப்பாத்திகள் அவர்களுக்கு உரியனவல்ல. நிருவாகத்தின் இசைவு உள்ளவரை மட்டுமே நிலைத்தன.

பொதுவிதி வகுத்து ஒழுகும் ஆற்றல் இம்மக்களிடம் இல்லாதிருந்ததா? இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பந்தோறும் வரி திரட்டுதல், மரண உதவிச் சங்கத்தின் வழியாகத் துக்க வீட்டின் செலவைப் பகிர்தல், பீலியில் முறைவைத்து நீர் பிடித்தல் ஆகியன தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கங்கள். பங்கு, முறை, கணக்கு, தவறினாரைக் கேட்கும் அவை எனக் கூட்டுத் தோட்டமொன்றுக்கு வேண்டிய யாவும் இவற்றிலே உள. குறைந்தது நிலவுரிமை ஒன்றே.

அவ்வுரிமையின் பெறுமதியைத் துரைமாரின் தாயகமே காட்டுகின்றது. பிரித்தானியாவில் 1908ஆம் ஆண்டுச் சட்டமொன்று, காய்கறி பயிரிட விரும்பும் மக்களுக்குத் துண்டு நிலங்களை வாடகைக்கு வழங்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்கள் மீது சுமத்தியது. வழக்கமான துண்டின் பரப்பு, நம் நாட்டுக் கணக்கில் 10 பேர்ச்சஸ். ஏறத்தாழ 250 சதுர மீற்றர். நிலம் பெற்றோர் சங்கம் அமைத்துத் தமக்கு விதி வகுத்தனர். நாளையும் இந்நிலம் நம்மிடமே இருக்கும் என்ற நம்பிக்கை தோன்றிய பின்னரே விதிக்கு வலுப் பிறந்தது.

இங்கு நிகழ்ந்தது வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. முதலாளி மாறினான், பாத்தியின் நிலை மாறவில்லை.

இதன் விளைவு பட்டினியோடு நிற்பதன்று. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பெயர்ந்து செல்லச் சொந்தக் காணி இல்லாதோர் எங்கே செல்வர்? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியோருக்குப் பூனாகலைப் பகுதியில் வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன.

2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசு நாட்டு மக்களை வேண்டியது. அரச ஊழியர் பயிரிடுவதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறைக்கும் அவ்வாண்டு ஜூனில் அமைச்சரவை இசைந்தது. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கோ அவ்விடுமுறையும் இல்லை. தனதெனக் கொத்தும் மண்ணும் இல்லை.

2015இன் பின்னர் முன்னெடுக்கப்பட்ட தனிவீட்டுத் திட்டத்திலே வீடொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி ஒதுக்கப்பட்டது. வீடும் முற்றமும் போக எஞ்சுவது சில பாத்திகளே. எனினும் அதன் சிறப்பு பரப்பில் இல்லை. இன்று நட்ட பலாக்கன்றின் கனியைத் தன் பிள்ளை உண்ணும் என்று எண்ணக்கூடியவனே அயலானோடு வேலிக்கும் நீருக்கும் ஒழுங்கு பேசுவான். கூட்டுப் பொறுப்பைத் தொழிலாளருக்குப் போதிக்க முற்படுவோர் இவ்வுண்மையை முதலில் உணர்தல் வேண்டும். பொறுப்பை அவர்கள் முன்னரே அறிவர். அவர்களுக்குக் கிட்டாதது மண்ணே.