கட்டுநாயக்க அதிவேக வீதியின் கட்டணம்

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் விமான நிலையம் செல்வோர் நீர்கொழும்பு வீதி நெரிசலில் தவித்த நிலை, 2013 ஒக்டோபர் 27இல் கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டதுடன் பெருமளவு நீங்கியது. முன்னர் தொடங்கிக் கைவிடப்பட்ட இத்திட்டம், 2009இல் சீன எக்சிம் வங்கிக் கடனுதவியுடன் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டதாகும். 25.8 கிலோமீற்றர் நீளமான இவ்வீதி முத்துராஜவெல சதுப்பு நிலத்தினூடாகச் செல்கிறது. 2021 நவம்பரில் ஜப்பானிய உதவியுடனான புதிய களனிப் பாலமும் இதனுடன் இணைந்தது. வெள்ளவத்தைவாசிக்குக் களனி வரையிலான நகர நெரிசல் மட்டும் குறையவில்லை.

வீதி அபிவிருத்தி அதிகார சபையே இதனை நிர்வகிக்கின்றது. நுழைகையில் சீட்டு, வெளியேறுகையில் கட்டணம் என்பது பழகிய நடைமுறை. முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. கடனோ நாட்டின் கடன். இவ்வீதியில் ஒருநாளும் பயணிக்காத கொட்டாஞ்சேனை முச்சக்கர வண்டிச் சாரதியும் வரி மூலம் அதனைச் சுமக்கின்றார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நாடு இடைநிறுத்திய பின்னர் இதனை விளக்கத் தேவையில்லை. எனவே கட்டணத்தை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும், வசூலில் பராமரிப்புக்குச் செல்வது எவ்வளவு, கடனுக்குச் செல்வது எவ்வளவு என்பதை மூன்று மொழிகளிலும் கட்டண வாயிலிலேயே அறிவிக்குமாறு அதிகார சபையைக் கோருகின்றோம்.