வீட்டுத் திரையரங்கு ஏற்பி

வீட்டுத் திரையரங்கு ஏற்பி அல்லது ஒலி-ஒளி ஏற்பி என்பது, பல கருவிகளிலிருந்து வரும் ஒலியையும் நிகழ்படத்தையும் பெற்று, அவற்றுள் பயனர் வேண்டுவதைத் தெரிவு செய்து, படத்தைத் தொலைக்காட்சிக்கும் ஒலியைப் பல ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்பும் ஒரு மின்னணுக் கருவியாகும். கடைகளில் இது ஏவி ரிசீவர் எனவும், பேச்சு வழக்கில் ஹோம் தியேட்டர் ஆம்ப் எனவும் அழைக்கப்படுகிறது. செட்டாப் பெட்டி, இறுவட்டு இயக்கி, விளையாட்டுக் கருவி, இணைய ஒளிபரப்புக் கருவி போன்றவை ஒரே இல்லத்தில் சேரும்போது அவற்றுக்கெல்லாம் நடுவமாக இது அமைகிறது. ஏற்பியைத் தெரிவு செய்வதில், அதன் வாட் அளவைவிட, இணைக்கப்பட வேண்டிய கருவிகளின் பட்டியலே முதன்மையானதாகும்.

பெயரும் வரலாறும்

தொடக்கத்தில் ஏற்பி என்னும் சொல் வானொலி அலைகளைப் பெறும் பகுதியையும் ஒலியைப் பெருக்கும் பகுதியையும் ஒரே பெட்டியில் கொண்ட கருவியைக் குறித்தது. நிகழ்பட இணைப்புகள் பின்னர் சேர்ந்தபோதும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் பல ஏற்பிகளில் வானொலிப் பகுதி உள்ளது.

திரையரங்குகளில் 1992 இல் டால்பி டிஜிட்டல் ஒலியும், 1993 இல் டிடிஎஸ் ஒலியும் அறிமுகமாயின. தமிழ்த் திரைப்படங்களில் 1995 இல் வெளிவந்த குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியுடனும், 1996 இல் வெளிவந்த கறுப்பு ரோஜா டிடிஎஸ் ஒலியுடனும் வந்தன. சிவாஜி திரைப்படத்தின் முப்பரிமாண வடிவம் 2012 இல் டால்பி அட்மாஸ் ஒலியுடன் வெளியிடப்பட்டது. டிவிடி இறுவட்டுகள் பரவியபோது, திரையரங்கில் கேட்ட பல்தட ஒலியை வீட்டிலும் கேட்க இயன்றது. ஒரே வடத்தில் எண்ணிம ஒலியையும் படத்தையும் கடத்தும் எச்டிஎம்ஐ இணைப்பின் முதற் பதிப்பு 2002 டிசம்பரில் வெளியானது.

செயற்பாடு

ஏற்பி மூன்று பணிகளைச் செய்கிறது.

1. தெரிவு: பல உள்ளீடுகளுள் ஒன்றைத் தெரிந்து அதன் படத்தைத் தொலைக்காட்சிக்குக் கடத்துகிறது.
2. குறிவிலக்கல்: சுருக்கப்பட்ட எண்ணிம ஒலியை விரித்து, ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் உரிய தடத்தைப் பிரிக்கிறது.
3. பெருக்கல்: பிரிக்கப்பட்ட ஒலித் தடங்களை ஒலிபெருக்கிகளை இயக்கும் அளவுக்கு வலுப்படுத்துகிறது.

5.1 என்னும் குறியீட்டில் 5 என்பது முன் இடம், முன் வலம், நடு, பக்க இடம், பக்க வலம் ஆகிய ஐந்து தடங்களையும், 1 என்பது தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூபரையும் குறிக்கும். 5.1.2 என எழுதப்படும்போது இறுதி எண் மேலிருந்து ஒலிக்கும் ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையாகும்.

தமிழ்நாட்டு இல்லங்களில் இணைக்கப்படும் கருவிகள்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் கருவிகள் வெவ்வேறு காலத்தில் வாங்கப்பட்டவையாக இருப்பது இயல்பு. தூர்தர்சனின் டிடி டைரக்ட் பிளஸ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 இல் தொடங்கி 2011 வரை நடைபெற்றது. கம்பிவடத் தொலைக்காட்சியை எண்ணிம முறைக்கு மாற்றும் திட்டத்தின் நான்காவது கட்டத்துக்கு 2017 மார்ச் 31 இறுதி நாளாக அறிவிக்கப்பட்டது. இதன் பின்னர் சிற்றூர்களிலும் கேபிள் இணைப்புடன் ஒரு செட்டாப் பெட்டி கட்டாயமாகியது.

படக்குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் இணைப்புகள் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று நிறச் செருகிகளால் செய்யப்பட்டன. மஞ்சள் படத்துக்கும், மற்ற இரண்டும் ஒலிக்கும் உரியவை. சாதாரணத் தரச் செட்டாப் பெட்டிகள் பலவற்றில் இன்றும் இவையே உள்ளன. ஆனால் புதிய ஏற்பிகள் பலவற்றில் மஞ்சள் உள்ளீடு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய பெட்டி உள்ள வீட்டில் புதிய ஏற்பி வாங்கும் முன் அதன் பின்புறப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

இணைப்பு வகைகள்

எச்டிஎம்ஐ: 2009 இல் வந்த 1.4 பதிப்பு நொடிக்கு 10.2 கிகாபிட் வரையும், 2013 இல் வந்த 2.0 பதிப்பு 18 கிகாபிட் வரையும், 2017 இல் வந்த 2.1 பதிப்பு 48 கிகாபிட் வரையும் கடத்த வல்லவை. 4கே படத்தை நொடிக்கு 60 சட்டகங்களாகக் காட்ட 2.0 போதுமானது. நொடிக்கு 120 சட்டகங்களில் விளையாடுவோருக்கு 2.1 தேவைப்படும். 2025 இல் 2.2 பதிப்பும் வெளியிடப்பட்டது.

மீள்வழி ஒலி: தொலைக்காட்சியிலிருந்து ஒலியை அதே எச்டிஎம்ஐ வடத்தின் வழியே ஏற்பிக்குத் திருப்பி அனுப்பும் வசதி ஏஆர்சி எனப்படும். இது 1.4 பதிப்பில் அறிமுகமானது. இதனால் சுருக்கப்பட்ட 5.1 ஒலியும், இணையத் திரைப்படச் சேவைகள் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலியும் கடத்தப்படலாம். 2.1 பதிப்பில் வந்த இஏஆர்சி, புளூ-ரே இறுவட்டுகளில் உள்ள இழப்பற்ற ஒலியையும் கடத்தும்.

ஒளியிழை இணைப்பு: எண்ணிம ஒலியை ஒளியாகக் கடத்துகிறது. இருதட ஒலிக்கும் சுருக்கப்பட்ட 5.1 ஒலிக்கும் ஏற்றது; இழப்பற்ற பல்தட ஒலியைக் கடத்தாது. ஏஆர்சி இல்லாத தொலைக்காட்சிகளுக்கு இது உதவும்.

புளூடூத்: செல்பேசியிலிருந்து பாடல் கேட்கப் பயன்படுகிறது.

தெரிவு செய்யும் முறை

உள்ளீடுகளின் எண்ணிக்கை: இருக்கும் கருவிகளை முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வகை இணைப்பைத் தருகிறது எனக் குறிக்க வேண்டும். எச்டிஎம்ஐ தேவைப்படும் கருவிகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டிக்கொள்வது பிற்காலத் தேவைக்கு உதவும்.

உள்ளீடுகளின் தரம்: ஏழு உள்ளீடுகள் உள்ள ஏற்பியில் இரண்டு அல்லது மூன்று மட்டுமே முழு வேகத்தில் இயங்குவதாக இருக்கலாம். பெட்டியின் மீதுள்ள பதிப்பு எண்ணை மட்டும் நம்புதல் போதாது. 2020 இல் வெளிவந்த சில ஏற்பிகளில் 2.1 எனக் குறிக்கப்பட்டிருந்தும், உள்ளிருந்த சில்லின் பிழையால் சில விளையாட்டுக் கருவிகளின் நொடிக்கு 120 சட்டகப் படம் தோன்றாமல் திரை கறுப்பாகவே நின்றது.

நகல் காப்பு: 4கே திரைப்படங்கள் எச்டிசிபி 2.2 என்னும் நகல் காப்பு முறையைக் கோருகின்றன. படம் தரும் கருவி, ஏற்பி, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் இதனை ஏற்க வேண்டும். புதிய தொலைக்காட்சிக்கும் புதிய இயக்கிக்கும் நடுவில் பழைய ஏற்பி ஒன்று இருந்தால் படம் தெளிவு குறைந்து தோன்றும் அல்லது தோன்றாது.

வாட் அளவு: இரு தடங்கள் ஒருங்கே இயங்கும்போது, 8 ஓம் மின்மறுப்பில், 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரை தரப்படும் அளவே ஒப்பிடத்தக்கது. ஒரே தடம், ஒரே அதிர்வெண், 10 விழுக்காடு திரிபு என்னும் நிலையில் தரப்படும் எண் பெரிதாகத் தோன்றும். பிஎம்பிஓ என்னும் அளவு ஒப்பீட்டுக்கு உதவாது. ஆற்றல் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். எடுத்துக்காட்டாக, 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தரும் ஒலிபெருக்கி, 16 வாட்டில் 100 டெசிபல் தரும். ஆதலால் 80 வாட் ஏற்பிக்கும் 100 வாட் ஏற்பிக்கும் கேட்பதில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது.

மின்மறுப்பு: ஏற்பியின் பின்புறம் குறிக்கப்பட்ட குறைந்த அளவுக்குக் கீழான ஓம் கொண்ட ஒலிபெருக்கிகளை இணைத்தால் கருவி சூடேறி நின்றுவிடலாம்.

மின்னழுத்தம்: இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்சு ஆகும். சப்பானில் 100 வோல்ட்டும் அமெரிக்காவில் 120 வோல்ட்டும் வழங்கப்படுகின்றன. அந்நாடுகளுக்கெனச் செய்யப்பட்ட ஏற்பியை இங்கு நேரடியாகச் செருகினால் அது பழுதாகும். வானொலிப் பகுதியிலும் வேறுபாடு உண்டு. மத்திய அலை நிலையங்கள் இந்தியாவில் 9 கிலோஹெர்ட்சு இடைவெளியிலும், அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்சு இடைவெளியிலும் அமைகின்றன. திருச்சிராப்பள்ளி வானொலியின் மத்திய அலைவெண்ணான 936 கிலோஹெர்ட்சை, 10 இன் மடங்குகளில் மட்டும் தாவும் ஏற்பியால் சரியாகத் தொட இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு

பெரம்பலூர் மாவட்டத்தில், சென்னை-திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் உள்ள வாலிகண்டபுரம் போன்ற ஓர் ஊரில், 12 அடிக்கு 14 அடி அறை ஒன்றைக் கொள்வோம். அங்கு 4கே தொலைக்காட்சி, மூன்று நிறச் செருகிகள் மட்டும் உள்ள கேபிள் செட்டாப் பெட்டி, எச்டிஎம்ஐ உள்ள டிவிடி இயக்கி, இணைய ஒளிபரப்புக் கருவி, விளையாட்டுக் கருவி, செல்பேசி ஆகியவை இருப்பதாகக் கொள்க.

எச்டிஎம்ஐ தேவைப்படுபவை மூன்று; எதிர்காலத்துக்கு ஒன்று சேர்த்தால் நான்கு. செட்டாப் பெட்டியின் மஞ்சள் செருகியைத் தொலைக்காட்சியிலும், வெள்ளை, சிவப்புச் செருகிகளை ஏற்பியிலும் இணைக்கலாம். மூன்றையும் தொலைக்காட்சியில் இணைத்து, ஒலியை ஏஆர்சி வழியே ஏற்பிக்குக் கொண்டுவரவும் முடியும். தொலைக்காட்சியில் மஞ்சள் உள்ளீடும் இல்லையெனில், எச்டிஎம்ஐ உள்ள செட்டாப் பெட்டிக்கு மாறுவதே எளிது. அப்போது உள்ளீடுகளின் தேவை ஐந்தாகும். செல்பேசிக்குப் புளூடூத் போதும்.

இருக்கை பின்சுவரை ஒட்டியிருந்தால் பின்னால் ஒலிபெருக்கி வைக்க இடமிராது. அப்போது 7.1 ஏற்பிக்குச் செலவிடும் கூடுதல் பணம் வீணாகும். பக்க ஒலிபெருக்கிகளை, கேட்பவருக்கு நேர் முன்புறத்திலிருந்து 100 முதல் 120 பாகை வரையான கோணத்திலும், முன் ஒலிபெருக்கிகளை இருபுறமும் 30 பாகையிலும் வைப்பது பன்னாட்டுப் பரிந்துரையாகும். எனவே இவ்வறைக்கு நான்கு அல்லது ஐந்து எச்டிஎம்ஐ உள்ளீடுகள் கொண்ட 5.1 ஏற்பி நிறைவானது. மிச்சமாகும் தொகையை ஒலிபெருக்கிகளுக்குச் செலவிடுதல் பயன் தரும்.

உள்ளூரில் ஒன்றுசேர்க்கப்படும் பெருக்கிகள்

தமிழ்நாட்டில் உள்ளூர்த் தொழில்நுட்பர்கள் ஒன்றுசேர்த்துத் தரும் 5.1 பெருக்கிகள் பரவலாக உள்ளன. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைக்கும் மின்மாற்றி, சுற்றுப்பலகை, 5200, 1943 எனச் சுருக்கமாக அழைக்கப்படும் திரிதடையங்கள் ஆகியவற்றைக் கொண்டு இவை செய்யப்படுகின்றன. விலை குறைவு, பழுதானால் அருகிலேயே சரிசெய்யலாம், உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கும் என்பன இவற்றின் சிறப்புகள். ஆயினும் பெரும்பாலானவற்றில் எச்டிஎம்ஐ வழியே படத்தைக் கடத்தும் வசதி இராது. எண்ணிம ஒலியைப் பிரிக்கத் தனியே டிகோடர் பலகை தேவைப்படும். ஒரு தொலைக்காட்சியும் ஒரு செட்டாப் பெட்டியும் மட்டும் உள்ள வீட்டுக்கு இது போதுமானதாக அமையலாம். கருவிகள் பெருகும்போது ஏற்பியின் பயன் தெரியவரும்.

நிறுவலும் பாதுகாப்பும்

* ஏற்பியின் மேற்புறத் துளைகளை மூடலாகாது. மூடிய அலமாரியில் வைத்தால் வெப்பம் தேங்கி ஆயுள் குறையும்.
* மூன்று முனைச் செருகி கொண்ட கருவியை நில இணைப்பு உள்ள பொருத்தியிலேயே இணைக்க வேண்டும்.
* கேபிள் வடத்தை இணைத்தவுடன் ஒலிபெருக்கியில் தாழ்ந்த இரைச்சல் எழுந்தால், அது நில இணைப்புகளுக்கிடையே உண்டாகும் சுற்றால் இருக்கலாம். வடத்தைக் கழற்றிப் பார்த்து இதனை அறியலாம். இரைச்சலை நீக்க ஏற்பியின் நில இணைப்பைத் துண்டிப்பது ஆபத்தானது.
* சதுர அலை இன்வெர்ட்டரில் இயங்கும்போதும் இரைச்சல் தோன்றக்கூடும்.
* இடி மின்னலின்போது மின்செருகியுடன் கேபிள் வடத்தையும் கழற்ற வேண்டும். ஏற்பியுடன் எல்லாக் கருவிகளும் இணைந்திருப்பதால், ஒரு வடத்தில் வரும் மின்னதிர்ச்சி அனைத்தையும் தாக்கக்கூடும்.
* ஒலிபெருக்கிக் கம்பிகளை, மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையிலேயே, நேர், எதிர் முனைகள் மாறாமல் இணைக்க வேண்டும்.

மாற்று வழிகள்

கருவிகள் அனைத்தையும் தொலைக்காட்சியில் இணைத்து, ஒலியை மட்டும் இஏஆர்சி வழியாக ஏற்பிக்கு அனுப்பும் முறையும் உண்டு. இம்முறையில் 4கே வசதியில்லாத ஏற்பியிலும் ஒலி தடையின்றிக் கிடைக்கும். படம் ஏற்பியின் வழியே செல்லாததே காரணம். ஏற்பியில் ஏஆர்சி மட்டும் இருந்தால் இழப்பற்ற ஒலி கிடைக்காது. சில தொலைக்காட்சிகள் டிடிஎஸ் ஒலியைக் கடத்துவதில்லை என்பது இதன் குறை. இடம் குறைந்த வீடுகளில் ஒலிப்பட்டை எனப்படும் சவுண்ட்பார் பயன்படுத்தப்படுகிறது. இது நிறுவ எளிதாயினும், உள்ளீடுகளின் எண்ணிக்கை குறைவு. ஒலிபெருக்கிகளைத் தனித்தனியே மாற்றவும் பெரும்பாலும் இயலாது.

இவற்றையும் பார்க்க

* எச்டிஎம்ஐ
* ஒலிபெருக்கி
* செட்டாப் பெட்டி
* மின்மறுப்பு
* வானொலி