கொழுந்து லொறியும் பாலைவனப் பீரங்கியும்

டிக்கோயாப் பக்கத்தில் நான் வளர்ந்த தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறம் ஒரு பழைய லொறி கிடந்தது. 1970களின் பிற்பகுதி அது. எஞ்சினைக் கழற்றி விட்டிருந்தார்கள். சக்கரங்கள் இல்லை. கற்கள் மீது நிறுத்தப்பட்டிருந்த அந்த வாகனத்தின் முகம் மாத்திரம் எனக்கு இன்னமும் நினைவில் இருக்கிறது. மூக்கில்லாத சப்பை முகம். முன் கண்ணாடி மற்ற லொறிகளைப் போலப் பின்னோக்கிச் சாயாமல், மேல் விளிம்பு முன்னே துருத்திக் கொண்டு நிற்கும். வானில் பறக்கும் எதிரி விமானிக்குச் சூரிய ஒளி பட்டுத் தெறிக்காமல் இருப்பதற்காகவே அவ்விதம் அமைத்தார்கள் என்பதை நான் மிகவும் பிந்தியே அறிந்து கொண்டேன்.

தோட்டத்து லொறிச் சாரதியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நாங்கள் எல்லோரும் 'ட்ரைவர் மாமா' என்றே அழைப்போம். அவர் ஒருநாள் அந்த வாகனத்தைத் தட்டிக் காட்டி, "தம்பி, இது சண்டைக்குன்னு செஞ்ச சாதி. முதுகுல பீரங்கிய வச்சுச் சுட்டாங்க. நம்ம கிட்ட வந்து கொழுந்து சுமந்துச்சு" என்றார். பெரியவர்கள் சிறுவர்களுக்குச் சொல்லும் கதைகளுள் ஒன்று என்று எண்ணிச் சிரித்தேன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, யுத்த வரலாற்று நூல்களைப் புரட்டத் தொடங்கிய பிறகே அவர் சொன்னது எவ்வளவு துல்லியமான உண்மை என்பது விளங்கிற்று.

அவை கனடாவில் ஃபோர்ட், செவர்லே ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே மாதிரி வடிவத்தில் செய்து தள்ளிய இராணுவ லொறிகள். இரண்டாம் உலக மகா யுத்த காலத்தில் நான்கு இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. யுத்தம் முடிந்ததும் எஞ்சியவை உலகெங்கும் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. எங்கள் தோட்டத்து லொறி எந்த முனையைக் கண்டதோ, எதையுமே காணவில்லையோ! ஆனால் அதன் உடன்பிறப்புகள் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் செய்த வேலை பதிவில் இருக்கிறது.

லொறியின் முதுகில் பீரங்கியை ஏற்றுவானேன்? யுத்த தாங்கியை அடிக்கும் பீரங்கியை வாகனத்தின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வதே வழமை. எதிரி தென்பட்டதும் அதைக் கழற்றி, கால்களை விரித்து, நிலத்தில் ஊன்றிக் குறி பார்க்க வேண்டும். மறைந்திருக்க ஒரு மரமோ மேடோ இல்லாத வெட்டவெளியில், மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் தாங்கிகள் வரும்போது அந்தச் சில நிமிடங்கள் கிடைப்பதில்லை. ஆகவே பீரங்கியை அப்படியே லொறித் தட்டில் பொருத்தி, சுட்டுவிட்டு ஓடு, மீண்டும் நின்று சுடு என்ற முறை பிறந்தது. கவசம் கிடையாது, இருந்தாலும் பெயருக்கு ஒரு தகடு. உயரமான லொறி தொலைவிலிருந்தே கண்ணில் படும். சுடுபவன் நெஞ்சு திறந்தே இருக்கும். முறையான கவச வாகனம் கையில் இல்லாதவனின் ஆயுதம் இது.

இந்தக் கலையில் பிரெஞ்சுக்காரரைப் போல் அல்லற்பட்டவர் வேறு யாரும் இல்லை என்பேன். 1940 மே மாதம் ஜேர்மனியப் படைகள் பிரான்சுக்குள் பாய்ந்தபோது, பிரான்சிடம் நல்ல தாங்கிகள் இருந்தன. சோமுவா, பி-1 போன்றவை கவசத்தில் ஜேர்மனியத் தாங்கிகளுக்குச் சளைத்தவை அல்ல. இல்லாதது, ஊடுருவி வரும் எதிரியை விரைந்து சென்று மறிக்கும் நடமாடும் பீரங்கி. அவசர அவசரமாக லாஃப்ளி என்ற ஆறு சக்கர வாகனத்தின் மீது 47 மி.மீ. பீரங்கியை ஏற்றினார்கள். பீரங்கி வாகனத்தின் பின்பக்கம் நோக்கியே இருந்தது. அதாவது எதிரிக்கு முதுகைக் காட்டியபடிதான் சுட முடியும். சுட்டவுடன் அப்படியே முன்னோக்கிப் பறந்து விடலாம்! சிரிப்பதற்குரிய விடயமல்ல, நல்ல யோசனைதான். ஆனால் மே மாத இறுதியில் தொடங்கிய அவ்வேலையில் ஏறத்தாழ 60 வாகனங்களே ஆயத்தமாயின. ஜூன் 22 இல் பிரான்ஸ் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டு விட்டது.

தோற்றவன் சொத்து வென்றவன் கைக்குப் போயிற்று. கைப்பற்றிய ரெனோல்ட் ஆர்-35 தாங்கிகளின் கோபுரத்தைக் கழற்றி எறிந்து விட்டு, செக்கோஸ்லோவாக்கியப் பீரங்கியைப் பொருத்தி 170க்கும் மேற்பட்ட தாங்கி எதிர்ப்பு வாகனங்களை ஜேர்மனியர் செய்து கொண்டனர். ஆல்ஃபிரட் பெக்கர் என்ற ஜேர்மனிய அதிகாரி இதற்கெனவே ஒரு பட்டறைப் படையை நடத்தினார். பிரெஞ்சு இராணுவத்திற்கு எரிபொருளும் குண்டும் சுமப்பதற்காகச் செய்யப்பட்ட லொரேன் என்ற சங்கிலிச் சக்கர இழுவை வண்டி, அவர் கையில் 75 மி.மீ. பீரங்கி தாங்கிய 'மார்டர்' ஆனது. ரொமெலின் பாலைவனப் படைக்காக 1942 இல் அதே வண்டியில் 30 கனரகப் பீரங்கிகளை ஏற்றிக் கொடுத்தவரும் அவரே. பிரெஞ்சு வண்டி, முந்திய மகா யுத்தத்தின் ஜேர்மனியப் பீரங்கி.

மறுபக்கத்தில், சரணடைய மறுத்து டி கோல் பின்னால் சென்ற சிறுபான்மையினரின் கதை இன்னும் விசித்திரமானது. 1940 மே மாதம் நோர்வேயின் நார்விக் துறைமுகத்தை மீட்கச் சென்ற ஹொட்ச்கிஸ் தாங்கிப் படைப்பிரிவு ஒன்று, நாடு வீழ்ந்தபோது பிரித்தானியாவில் எஞ்சிற்று. அதுவே சுதந்திர பிரெஞ்சுப் படையின் முதலாவது தாங்கிக் கம்பனி ஆயிற்று. அந்தத் தாங்கிகள் பனிப்பிரதேசத்திலிருந்து மேற்கு ஆபிரிக்கக் கரைக்கும், அங்கிருந்து மத்திய கிழக்கிற்கும் கப்பலேறின. 1941 ஜூனில் சிரியாவில் அவை சந்தித்த எதிரி யார் தெரியுமா? விச்சி அரசுக்கு விசுவாசமாக இருந்த பிரெஞ்சுப் படையின் ரெனோல்ட் தாங்கிகள். பிரெஞ்சுத் தாங்கியும் பிரெஞ்சுத் தாங்கியும் மோதிய அந்தப் போரில், டமாஸ்கஸ் வாயிலில் சுதந்திர பிரெஞ்சுப் படையின் பக்கம் நின்று பெருத்த இழப்பைச் சந்தித்தது 5ஆவது இந்திய பிரிகேட். பிரெஞ்சு வரலாறுகளில் இதற்குக் கிடைக்கும் இடம் ஓரிரு வரிகளே.

டி கோலுக்கு 1940 ஓகஸ்டில் விச்சி அரசின் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அந்த ஆண்டிலேயே அவரது குடியுரிமையும் பறிக்கப்பட்டது. அவரது படையில் சேர்ந்த அந்நியர் படைப்பிரிவினருள் பலர் ஸ்பானியக் குடியரசுவாதிகள், போக இடமற்றவர்கள். மத்திய ஆபிரிக்கர், பசிபிக் தீவினர் எனப் பலரும் கலந்த கூட்டம் அது. 'நாடற்றவர்' என்ற சொல்லை 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்திற்குப் பின்னர் எங்கள் மலையக மக்கள் பல தசாப்தங்கள் முதுகில் சுமந்தார்கள். 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அதன் மிச்சம் நீடித்தது. அதனாலோ என்னவோ இந்தப் படையைப் பற்றி வாசிக்கும் போதெல்லாம் எனக்கு அது அந்நியக் கதையாகத் தோன்றுவதில்லை.

இப்படையில் அட்ரியன் கொனூஸ் என்று ஒருவர் இருந்தார். மாஸ்கோவில் பிறந்த பிரெஞ்சுக்காரர், யுத்தத்திற்கு முன் மத்திய ஆபிரிக்காவில் வாழ்ந்தவர். கையில் இருந்தது 1897 ஆம் ஆண்டு மாதிரி 75 மி.மீ. பீரங்கி. அரை நூற்றாண்டுக் கிழம் என்றாலும், சுட்டதும் பின்னோக்கி வரும் உதைப்பை எண்ணெயும் காற்றும் அடைத்த குழாய் விழுங்கிக் கொள்ளும் முறையை உலகுக்குக் காட்டிய பீரங்கி அது. ஒவ்வொரு வேட்டுக்கும் மீண்டும் குறி பார்க்கத் தேவையில்லை. பழகிய கைகள் நிமிடத்திற்குப் பதினைந்து வேட்டுகள் தீர்க்கும். அந்த உதைப்பு விழுங்கியினாலேயே லொறித் தட்டில் வைத்துச் சுடவும் முடிந்தது. கொனூஸ் இதை இராணுவ லொறிகளில் பொருத்தி, சிறிது கவசத் தகடு சேர்த்து, பாலைவன ரோந்துப் படைகளுக்குக் கொடுத்தார். 'கொனூஸ் பீரங்கி' என்றே பெயர் நிலைத்து விட்டது. பிரித்தானியரின் சிறிய ப்ரென் கேரியர் வண்டிகளில் 25 மி.மீ. பிரெஞ்சுப் பீரங்கியைச் செருகியதும் இதே படைதான். (கொனூஸ் பின்னர் 1944 இல் வெர்கோர் மலைப்பகுதியில் ஜேர்மனியரிடம் பிடிபட்டு, சுடப்படுவதற்காக நிறுத்தப்பட்ட இடத்தில் பள்ளத்தில் குதித்துத் தப்பினார். அது தனிக் கதை.)

இவர்கள் எல்லோரும் உலகத்தின் கண்ணில் பட்ட இடம் லிபியாவின் பீர் ஹக்கீம். 'பீர்' என்றால் அரபியில் கிணறு. தண்ணீர் வற்றிப் போன கிணறு. மத்தியதரைக் கடலோரம் கசாலாவில் தொடங்கித் தெற்கே இறங்கிய பிரித்தானிய அரண் வரிசையின் கடைசி முடிச்சு. 1942 மே 26 இரவு ரொமெல் அந்த முடிச்சைச் சுற்றிக் கொண்டு வந்தார். 27 காலையில் இத்தாலியின் அரியெட்டே தாங்கிப் படை பீர் ஹக்கீமை நேரடியாகத் தாக்கிற்று. கிழப் பீரங்கிகள் 32 தாங்கிகளை அங்கேயே எரித்தன அல்லது முடக்கின. சுமார் 3,700 பேர் கொண்ட அந்த முகாம் ஜூன் 10 இரவு வரை தாக்குப் பிடித்து, பின்னர் முற்றுகையை உடைத்து வெளியேறிற்று. பாரிஸ் நகரின் பாலம் ஒன்றும் மெட்ரோ நிலையம் ஒன்றும் இன்று பீர் ஹக்கீம் என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஆனால் அன்று காலை அரியெட்டே படை முதலில் மோதியது பிரெஞ்சுக்காரர் மீதல்ல. பீர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே ஆறு கிலோமீற்றர் அளவில், வரைபடத்தில் 171 என்று குறிக்கப்பட்ட இடத்தில், 3ஆவது இந்திய மோட்டார் பிரிகேட் சற்று முன்னரே வந்து இறங்கியிருந்தது. அரண் வேலை முடியவில்லை. தாங்கி ஒன்றுகூட இல்லை. இருந்தவை லொறிகள், 2 பவுண்டர் பீரங்கிகள், 2ஆவது இந்திய கள ஆட்லறி ரெஜிமெண்டின் 25 பவுண்டர்கள். பல கிலோமீற்றர் தொலைவுக்குக் குண்டை வீச வேண்டிய கள பீரங்கியின் குழாயைக் கிடையாகத் தாழ்த்தி, சில நூறு யார் தொலைவில் வரும் தாங்கிகள் மீது நேருக்கு நேர் சுட்டார்கள்.

அந்த ரெஜிமெண்டில் அதிகாரியாக நின்றவர் ஒரு தமிழர். திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1913 இல் பிறந்த பி. பி. குமாரமங்கலம். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டொக்டர் ப. சுப்பராயனின் புதல்வர். தம்பி மோகன் குமாரமங்கலம், தங்கை பார்வதி கிருஷ்ணன் ஆகிய இருவரும் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் பெயர் பெற்றவர்கள். பிரித்தானிய ஏகாதிபத்தியத்தை எதிர்த்து ஒரு வீட்டின் பிள்ளைகள் இருவர், அதன் இராணுவத்தில் அதே வீட்டின் பிள்ளை ஒருவர். அந்தக் காலத்துத் தமிழ்நாட்டை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பிரிகேட் சிதறடிக்கப்பட்டது. பல நூற்றுவர் மாண்டனர், காயமுற்றனர், கைதாயினர். கைதானவருள் எழுபது வயது கடந்த பிரித்தானிய அட்மிரல் வால்டர் கோவனும் ஒருவர். ஓய்வு பெற்ற பிறகும் சண்டை விருப்பத்தால் இந்தியக் குதிரைப்படையோடு ஒட்டிக் கொண்டு வந்தவர்! குமாரமங்கலமும் கைதானார். அன்றைய செயலுக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. விருது கிட்டியது. இத்தாலியச் சிறையிலிருந்து தப்பி, மீண்டும் பிடிபட்டு, ஜேர்மனியச் சிறைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்தவர் இவரே.

கைதான சிப்பாய்களுள் ஏறத்தாழ 600 பேரை, கொடுக்கத் தண்ணீர் இல்லாமல், பகைவர் பாலைவனத்தில் அவிழ்த்து விட்டனர். அவர்கள் நா வறண்டு நடந்து வந்து சேர்ந்தது பீர் ஹக்கீமுக்குத்தான். சொந்தப் படைக்கே அளந்து ஊற்றிய தண்ணீரைப் பிரெஞ்சுக்காரர் அவர்களோடு பகிர்ந்து கொண்டார்கள். இந்தப் போரில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் நிகழ்ச்சி அந்தப் பகிர்வே. 32 தாங்கிகளைப் பற்றி எழுதும் நூல்களில் அந்த அறுநூறு பேருக்கு ஒரு பந்தியும் கிடைப்பதில்லை. 171ஆம் மேட்டில் அரியெட்டே சில தாங்கிகளையும் நேரத்தையும் இழந்த பிறகே பீர் ஹக்கீமை வந்தடைந்தது என்பதையும் பலர் சொல்வதில்லை.

எங்கள் மலைநாட்டிலிருந்து அந்த யுத்தத்துக்குத் துப்பாக்கி பிடித்துப் போகத் தகுதி பெற்றோர் துரைமார்தான். 1900 இல் தொடங்கப்பட்ட சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் படையில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாருக்கே இடம். தோட்டத் தொழிலாளிக்கு இராணுவத்திலிருந்து கிடைத்தது ஒரு சொல் மாத்திரம்: விடியற்காலையில் பேர் பதியும் இடத்தை அவர்கள் இன்றும் 'பெரட்டுக்களம்' என்கிறார்கள். 'பரேட்' என்பதே பெரட்டு. ஆனால் யுத்தம் அவர்களை விட்டுவிடவில்லை. 1940 இல் பிரித்தானியாவில் தேயிலை பங்கீட்டுக்கு வந்தது. ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் வசமானதும் இலங்கை, இந்தியத் தேயிலையின் தேவை இன்னும் கூடிற்று. மலாயா போன பின் நேச நாடுகளின் இயற்கை இறப்பருக்கும் இலங்கையே முதன்மையான ஊற்று. லொறிச் சாரதிக்குத் தேநீரும் அவன் லொறிக்கு டயரும் இந்தத் தீவின் தோட்டங்களிலிருந்தும் போயின. அந்தத் தேநீரைப் பாலைவனத்தில் பெற்றோல் தகரத்தை வெட்டி, மணலில் பெற்றோலை ஊற்றி எரித்துக் காய்ச்சினார்கள் என்று 8ஆவது இராணுவத்தினர் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். கொழுந்து பறித்தவரைப் பற்றி அவர்கள் எழுத நியாயமில்லை. அவர்களுக்குத் தெரியாது.

இந்தியாவிலும் இந்த ஒட்டுவேலை பெரிய அளவில் நடந்தது. கனடாவிலிருந்து வந்த அதே ஃபோர்ட் அடிச்சட்டங்களில், தாதா இரும்பாலையின் கவசத் தகட்டை ரயில்வே பணிமனைகளில் பொருத்தி 4,600க்கும் மேற்பட்ட கவச வண்டிகளைச் செய்தார்கள். சிப்பாய்கள் அவற்றைத் 'தாதாநகர்' என்றழைத்தனர்.

எங்கள் தோட்டத்து லொறி 1980களின் தொடக்கத்தில் இரும்பு விலைக்குப் போயிற்று. வெட்டி ஏற்றிய அன்று ட்ரைவர் மாமா அந்தப் பக்கம் வரவில்லை. பின்தட்டின் பலகைகளை மட்டும் வாங்கியவன் எடுத்துச் செல்லவில்லை. அவை மேல் லயத்தில் ஒரு கோழிக்கூட்டுக்குக் கதவாகிக் கனகாலம் இருந்தன.